போர்வையும் சீருடையும்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் கிழக்கு நோக்கிக் கிளைத்து நீண்டு நிற்பது பழனி மலைத்தொடர். வடக்கே முருகன் திருக்கோயில் கொண்ட பழனி நகரும், தெற்கே பெரியகுளமும், தென்கிழக்கே வத்தலக்குண்டும் அதன் அடிவாரத்து ஊர்களாகும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும், தென்வடலாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமும் உடையது இம்மலைத்தொடர். அதன் தென்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல். 1845 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் அங்கே வீடுகள் கட்டினர். 1863 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்து ஆட்சியராய் இருந்த லெவிஞ்சு என்பவர் ஓடையை மறித்து ஏரி ஒன்றை உண்டாக்கினார். அந்நாள் தொட்டுச் சமவெளியின் வெயிலுக்கு அஞ்சினோர் ஆண்டுதோறும் அம்மலையை நாடிச் செல்வாராயினர்.

கோடையில் செல்வோர் காணும் கோடைக்கானல் ஒன்று; ஆண்டு முழுவதும் அங்கே வாழ்வோர் காணும் கோடைக்கானல் மற்றொன்று. விருந்தினர்க்குக் குளிர் இன்பம் தருவது. ஏனெனில், அவர்கள் தடித்த உடையோடு வந்து சில நாளில் திரும்புகின்றனர். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி, தாண்டிக்குடி, பாச்சலூர் முதலிய மலையூர்களிலும், காட்டை ஒட்டிய பளியர் குடியிருப்புகளிலும் வாழும் ஏழைச் சிறுவர்க்கோ, அக்குளிர் நாள்தோறும் எதிர்த்து வெல்ல வேண்டிய பகையாகும். மார்கழி, தை மாதத்து இரவுகளில் புல்வெளிமேல் உறைபனி வெண்மையாய்ப் படிவதும் உண்டு. காலையில் அப்புல்லின் ஓரமாக நடந்துதான் அச்சிறுவர் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

குளிரால் நடுங்கும் உயிருக்கு ஆடை அளித்தல் என்னும் அறம் இம்மலைக்குப் புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் இம்மலையைச் சூழ்ந்த நாட்டை ஆண்டவன். பழனிக்குப் பண்டைக் காலத்தில் பொதினி என்று பெயர் வழங்கியதாக அறிஞர் கூறுவர். மலைச்சாரலில் அகவிய மயில் ஒன்று குளிரால் வருந்துவதாக எண்ணிய பேகன், தன் போர்வையை எடுத்து அதற்கு அளித்தான். இச்செய்தியைச் சங்கச் சான்றோர் போற்றியுள்ளனர். மயில் போர்வையைக் கேட்கவில்லை; அதை உடுத்திக்கொள்ளவும் அறியாது. ஆயினும், பிறிதோர் உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணிய உள்ளம் பெரிதன்றோ? அதனாலேயே அச்செயல் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் நாவில் நிலைத்துள்ளது.

எனினும், அப்புலவர்கள் பேகனைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. கொடுப்பதில் அவன் ஆராய்ச்சி இல்லாதவன் என்பதனைப் பரணர் ‘கொடைமடம்’ என்னும் சொல்லால் குறித்தார். நீரற்ற குளத்திலும் பொழிந்து, விளைநிலத்திலும் பொழிந்து, பயனற்ற களர்நிலத்திலும் பொழியும் மழையைப் போன்றவன் அவன் என்பது அப்புலவரின் கருத்து. மேலும், மயிலுக்கு இரங்கிய அவன், தன்னைப் பிரிந்து வருந்திய தன் மனைவி கண்ணகிக்கு இரங்காதிருந்த காலமும் உண்டு. அப்போது கபிலரும் பரணரும் பிறரும் அவனிடம் சென்று, தங்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டா என்றும், வருந்தும் மனைவியின் துயரைத் தீர்த்தலே தாங்கள் வேண்டும் பரிசில் என்றும் பாடினர். கொடுக்கும் மனம் மட்டும் போதாது. எவருக்கு, எது, எவ்வாறு வேண்டும் என்று காணும் கண்ணும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை.

அக்கண்கொண்டு மலைநாட்டுச் சிறுவரின் தேவைகளை நோக்குவோம். முதல் தேவை வெப்பம் காக்கும் உடை. வளர்ந்தவரினும் குழந்தையின் உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும். உடலின் எடையோடு ஒப்பிட, குழந்தைக்குத் தோலின் பரப்பு மிகுதி; வெப்பம் வெளியேறுவது தோலின் வழியாகவே ஆகும். உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவு எரிபொருளாகச் செலவாகிறது. போதிய உடையில்லாத குழந்தை தான் உண்ட சிறிதளவு உணவிலும் ஒரு பகுதியைக் குளிருக்குத் திறையாகக் கட்டிவிடுகிறது. ஆதலின், குளிர்நாட்டில் கம்பளிச் சட்டை ஒன்று கொடுப்பது ஒரு கவளம் சோறு கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மாற்றுடை. பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும். மேகம் தரையில் தவழும் அந்நாள்களில் நனைந்த துணி நாட்கணக்கில் உலராது. பருத்தித் துணி நீரை ஈர்த்து உடலோடு ஒட்டிக் குளிரை மிகுவிக்கும். கம்பளியோ ஈரம் பட்டாலும் ஓரளவு வெப்பத்தைக் காத்து நிற்கும். ஒரே ஓர் உடை உள்ள சிறுவன், அது நனைந்த மறுநாள், ஈர உடையோடு பள்ளிக்குச் செல்ல வேண்டும். இன்றேல் வீட்டிலேயே தங்க வேண்டும். வீட்டிலே தங்கும் நாள்கள் பெருகப் பெருக, வகுப்பில் நடக்கும் பாடம் அவனுக்கு விளங்காது போகும். விளங்காத பாடத்தை விரும்பிச் செல்வார் யார்? ஒரு சட்டையின் குறைவு இவ்வாறு ஒரு கல்வியின் முறிவாக முடிதலும் கூடும்.

மூன்றாவது, காலணி. சோலைக் காடுகளின் வழியே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. அவை காலில் பற்றிக் குருதியை உறிஞ்சும். கூரிய கற்களும் முட்களும் காலைக் கிழிக்கும். சேற்றில் நடக்கும் வெறுங்காலின் வழியாகக் கொக்கிப் புழு உடலிற் புகுந்து சோகை நோயை உண்டாக்குவதும் உண்டு. இவற்றோடு இரவில் போர்த்துக்கொள்ளப் போர்வை, மழையில் புத்தகம் நனையாதிருக்கப் பை, மின்விளக்கு எட்டாத வீட்டில் படிப்பதற்கு விளக்கு ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் சிறு பொருளே. ஆயின், வறுமையில் வாழும் வீட்டிற்கு இவற்றுள் எதுவும் எளிதில் வாங்கத் தக்கதன்று. உருளைக்கிழங்கும் பூண்டும் விளைவிக்கும் நிலத்தில் கூலிக்கு உழைப்போரும், காப்பித் தோட்டங்களில் நாட்கூலி பெறுவோரும், தேனும் பிற காடுபடு பொருளும் திரட்டி வாழ்வோரும் முதலில் நெருப்பேற்ற அரிசிக்கே வழி தேடுவர்.

பொருளின் குறைவினும் கொடியது ஒன்று உண்டு; அஃது அதனால் விளையும் நாணம். கிழிந்த உடையோடு நல்லுடை உடுத்தவர் நடுவே அமரும் சிறுவன், ஆசிரியர் கேட்கும் வினாவிற்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்கத் தயங்குவான். நண்பகலில் மற்றவர் உணவுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, தனக்குப் பசியில்லை என்று கூறித் தண்ணீர்க் குழாயை நோக்கிச் செல்வான். அந்நாணத்தை நீக்காமல் பொருளை மட்டும் கொடுப்போமாயின், நாம் பாதி உதவியே செய்தவராவோம். எல்லோரும் காண ஒருவனைத் தனியே அழைத்து, ‘நீ ஏழை, இதனைப் பெற்றுக்கொள்’ என்று கொடுத்தால், அவன் உடலின் குளிர் நீங்கும். உள்ளம் நடுங்கத் தொடங்கும்.

அவ்வாறாயின், தலை தாழாமல் ஒரு குழந்தை கொடை பெறுவதற்கு வழி உண்டா? உண்டு. அதனைத் தமிழ்நாட்டு மக்களே கண்டனர். வள்ளுவர் ஈகை என்பதற்கு ஓர் அதிகாரமும், அதற்கு முன்னர் ஒப்புரவறிதல் என்பதற்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இல்லாதவர் ஒருவர்க்கு இருப்பவர் ஒருவர் அளிப்பது ஈகை. ஊரார் அனைவரும் பயன்கொள்ளுமாறு, உலக நடையறிந்து உதவி வாழ்வது ஒப்புரவு. ஊருணியில் நீர் முகப்பவர் எவரும் நாணுவதில்லை. அந்நீர் ஊருக்கு உரியது. இந்த ஒப்புரவு என்னும் அறத்தையே பள்ளிக்கூடத்திற்குள் கொண்டு சென்றது 1950களில் எழுந்த ஓர் இயக்கம்.

அக்காலத்து நிலையை அறிந்தால்தான் அவ்வியக்கத்தின் அருமை விளங்கும். 1951 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். பள்ளி இருந்த ஊர்களிலும் ஏழைச் சிறுவர் பலர் ஆடு மாடு மேய்க்கவும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் சென்றனர். பள்ளிக்கு வந்தோருள்ளும் பலர் நண்பகலில் பட்டினி கிடந்தனர். பசித்த குழந்தைக்குப் பள்ளியிலேயே உணவளிக்கும் முயற்சி சென்னை மாநகராட்சியில் 1920 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த பள்ளி ஒன்றில், ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க அப்போது முடிவு செய்யப்பட்டது. ஆயின், சிற்றூர்களுக்கெல்லாம் அம்முயற்சி பரவவில்லை.

1954 ஆம் ஆண்டில் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகப் பணியாற்றினார். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பகலுணவு அளிக்க வேண்டும் என்பது இருவரின் வேட்கை. அதற்கு வேண்டும் பெரும்பொருள் அரசின் கருவூலத்தில் இல்லை. ‘பொருள் வரட்டும், பின்னர்த் தொடங்கலாம்’ என்று அவர்கள் காத்திருக்கவில்லை, மக்களிடம் சென்றனர். 1956 ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டையபுரத்தில், ஊராரின் நன்கொடையைக் கொண்டு பகலுணவு தொடங்கப்பட்டது. நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து அறச்செயலுக்கு வழங்குவது நம் நாட்டுப் பெண்டிரின் பழைய வழக்கம். அவ்வழக்கம் உள்ள நாட்டிற்குப் பள்ளிப் பிள்ளைகளின் பசி தீர்க்கும் வழி கற்பிக்கப்பட வேண்டியதாக இல்லை. காட்டப்பட வேண்டியதாகவே இருந்தது. பின்னர் அரசும் செலவில் பங்கேற்றது. ஓர் உணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசு தர, எஞ்சிய 4 காசை ஊரார் ஏற்றனர்.

உணவோடு நின்றுவிடாமல், பள்ளியின் எல்லாத் தேவைகளுக்கும் மக்களின் துணையை நாடியது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அதன் முதல் மாநாடு 1958 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து மாநிலத்தின் பல பகுதிகளிலும் மாநாடுகள் கூடின. கோடைக்கானல் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 ஆம் ஆண்டிலேயாகும்.

இவ்வியக்கம் நடைபெற்ற முறை எளியது; ஆயினும் ஆழ்ந்த கருத்துடையது. முதலில் ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் ஊர்ப் பெரியோருடன் கூடித் தம் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கண்டறிந்து பட்டியல் எழுதினர். கரும்பலகை, கடிகாரம், இருக்கை, தண்ணீர்ப் பானை, உண்கலம், வேலி, வகுப்பறை, பிள்ளைகளுக்கு உடை என்று அப்பட்டியல் நீண்டது. இரண்டாவதாக, ஊரார் ஒவ்வொருவரும் தம் தகுதிக்கேற்ப ஒரு பொருளை ஏற்றனர். செல்வர் கட்டடம் கட்டித் தந்தனர். நடுத்தர நிலையினர் பலகையும் நாற்காலியும் வாங்கித் தந்தனர். கொடுக்கப் பொருளில்லாதார் தம் உழைப்பைத் தந்தனர். மூன்றாவதாக, மாநாட்டு நாளில் இன்ன பள்ளிக்கு இன்ன பொருள் கிடைத்தது என்று யாவரும் அறிய அறிவிக்கப்பட்டது. கேட்டவர் எவர்? ஏழைச் சிறுவன் அல்லன், பள்ளி. கொடுத்தவர் எவர்? தனியொரு செல்வர் அல்லர், ஊர். பெற்றவர் எவர்? ஊரின் பிள்ளைகள் அனைவரும். இம்மாற்றத்தினால் கொடை என்னும் சொல்லில் இருந்த இழிவு நீங்கியது.

சீருடையின் பொருளும் இங்கே தெளிவாகும். சிலர் அதனை ஒழுங்கிற்காக மட்டும் ஏற்பட்டது என்று எண்ணுவர். ஏழைக் குழந்தைக்கோ அஃது ஒரு கவசம். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தும்போது, எவருடைய உடை விலை கொடுத்து வாங்கியது, எவருடைய உடை ஊரார் அளித்தது என்று பிரித்தறிய இயலாது. பேகனின் போர்வை அதை அளித்தவன் பெருமையை நிலைநாட்டியது. பள்ளிச் சீருடையோ அதை உடுத்துபவன் பெருமையைக் காக்கிறது. முன்னதில் கொடுத்தவன் பெயர் நிலைத்தது. பின்னதில் கொடுத்தவன் பெயர் மறைந்து, பெற்றவன் நிமிர்ந்து நிற்கிறான்.

இத்தகைய சிந்தனை பிற நாடுகளிலும் தோன்றியுள்ளது. முதல் உலகப் போர் முடிந்தபின், தோல்வியுற்ற நாடுகளின் குழந்தைகள் பசியால் வாடுவதைக் கண்டு வருந்தினார் எக்லண்டைன் செப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. பகைநாட்டுக் குழந்தையும் குழந்தையே என்று கூறி, 1919 ஆம் ஆண்டில் குழந்தைகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தம் உடன்பிறந்தாருடன் இலண்டனில் நிறுவினார். அவர் வகுத்த குழந்தை உரிமை அறிக்கையை 1924 ஆம் ஆண்டில் உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ‘யுனிசெப்’ என்னும் குழந்தைகள் நிதியத்தை அமைத்தது. அது போரால் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும், உடையும், மருந்தும் வழங்கியது. அந்நிறுவனத்திற்கு 1965 ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

நம் நாட்டிலும், 1999 ஆம் ஆண்டில் அன்சு குப்தா என்பவர் தில்லியில் ‘கூஞ்சு’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்து வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் உடைகளைத் திரட்டி, தரம் பார்த்து, வகைப்படுத்திச் சிற்றூர்களுக்கு அனுப்புவது அதன் பணி. அங்கே ஊரார் கூடிக் குளம் தூர் வாருதல், பாதை செப்பனிடுதல் போன்ற பொதுப்பணி ஒன்றைச் செய்து, அதற்குரிய பரிசாக அவ்வுடைகளைப் பெறுவர். இரந்து பெறுவதற்கும் உழைத்துப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நிறுவனம் நன்கு உணர்ந்துள்ளது. அதன் நிறுவனர்க்கு 2015 ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது.

இவ்வரலாறுகளினின்றும், குழந்தைகளுக்குப் பொருள் வழங்கும் அறநிலையங்கள் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சிலவற்றை நாம் அறியலாம். நமக்கு மிஞ்சியதைக் கொடுப்பது ஒன்று. அவர்க்கு வேண்டியதைக் கொடுப்பது மற்றொன்று. சமவெளியில் உடுத்துக் கழித்த மெல்லிய சட்டைகள் நூறு மலைமேல் சென்றாலும், ஒரு கம்பளிச் சட்டையின் பணியைச் செய்யமாட்டா. கிழிந்ததும் பொத்தான் அற்றதுமாகிய ஆடையைக் கொடுப்பவர், தம் வீட்டுக் குப்பையைப் பிறர் வீட்டிற்கு மாற்றுகின்றனரே அன்றி அறம் செய்கின்றாரல்லர். அளவறிந்து கொடுத்தலும் வேண்டும். காலணியின் அளவு ஒரு விரற்கடை குறைந்தால், அது காக்க வேண்டிய காலையே புண்படுத்தும்.

ஊரின் வழக்கத்தை அறிதலும் வேண்டும். கோடைக்கானலுக்குக் கீழே, பெரியகுளத்திற்கு இறங்கும் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. நெடுங்காலம் வண்டிப் பாதையின்றி நடந்தே செல்ல வேண்டியிருந்த ஊர் அது. கோயில்கள் பல சூழ்ந்த அவ்வூரின் மண்ணைத் தூயதாகக் கருதும் மக்கள், ஊருக்குள் காலணி அணிவதில்லை என்னும் வழக்கத்தைப் பேணி வந்துள்ளனர். இதனை அறியாமல் ஒருவர் காலணி மூட்டையுடன் அவ்வூர் நடுவே சென்று நின்றால், அவர் அன்பு மிக்கவராயினும் அயலாரே ஆவார். அறிந்து செல்பவரோ, முதலில் அமர்ந்து கேட்பார்; கேட்டபின் கொடுப்பார். மேலும், பெறும் குழந்தையை நிறுத்தி நிழற்படம் எடுத்து ஊரறியப் பரப்புதல் தகாது. ஆண்டுக்கொரு நாள் விழாவெடுத்துக் கொடுத்துவிட்டு மறத்தலும் தகாது. குழந்தை வளர்கின்றது, சென்ற ஆண்டுச் சட்டை இவ்வாண்டு போதாது. பெற்ற பொருளுக்கும் கொடுத்த பொருளுக்கும் கணக்கு எழுதி யாவர்க்கும் காட்டுதலும் இன்றியமையாதது. கணக்கில்லாத அறம் நாளடைவில் ஐயத்திற்கு இடமாகும். ஐயம் புகுந்த இடத்தில் கொடை வற்றும்.

இனி, ஒரு வினா எழலாம். குழந்தையின் உணவும் உடையும் பிறர் இரக்கத்தை நம்பியே இருத்தல் முறையோ? இரக்கம் இன்று சுரக்கும், நாளை வற்றும். பசியோ நாள்தோறும் வரும். ஆதலின், நல்ல கொடையின் முடிந்த பயன் அது உரிமையாக மலர்வதே ஆகும். எட்டையபுரத்தில் ஊரார் தந்த உணவு அவ்வாறே மலர்ந்தது. 1982 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, அது சத்துணவுத் திட்டமாக விரிவுபெற்றது. 1995 ஆம் ஆண்டில் நடுவண் அரசு நாடு முழுமைக்கும் பள்ளி உணவுத் திட்டத்தை வகுத்தது. 2001 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கெல்லாம் ஆணையிட்டது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குழந்தையின் உரிமையாகவே எழுதி வைத்தது. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வழங்கத் தொடங்கியது. மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையோடு கம்பளிச் சட்டையும், மழைக்கோட்டும் அரசின் பொறுப்பில் வழங்கும் திட்டங்களும் ஏற்பட்டுள்ளன. ஊரார் நீட்டிய ஒரு பிடி அரிசி, அறுபது ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் சட்டமாயிற்று.

அவ்வாறாயின் மக்கள் செய்ய வேண்டுவது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. சட்டம் பொதுவாக நோக்கும். அண்டை வீட்டார் சிறப்பாக நோக்குவர். மழையால் பாதை அறுந்து பொருள் வந்து சேராத நாளும், வேலை தேடித் தாய் தந்தையர் தோட்டம் விட்டுத் தோட்டம் செல்ல, எந்தப் பள்ளியின் ஏட்டிலும் பெயர் இல்லாமல் நிற்கும் குழந்தையும், திட்டத்தின் கண்ணுக்குத் தப்புதல் கூடும். அங்கே காணும் கண்ணும் கொடுக்கும் கையும் ஊராருடையனவே ஆதல் வேண்டும். பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் வழியிலே, பொதுமக்களின் துணையை அரசுப் பள்ளிகளுக்குப் பெறும்பொருட்டு 2022 ஆம் ஆண்டில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டதும் இது கருதியே.

மாணவர்களாகிய நீங்களும் இதில் பங்கு கொள்ளலாம். உங்களுக்குச் சிறியதாகிவிட்ட நல்ல உடையைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்பது ஓர் அறம். படித்து முடித்த நூலைக் கிழியாமல் காத்து அடுத்தவர்க்கு அளிப்பது ஓர் அறம். உங்கள் வகுப்பில் ஒருவன் சில நாள்களாக வாராதிருந்தால், ஏன் வரவில்லை என்று அன்போடு வினவி ஆசிரியர்க்கு அறிவிப்பது பொருட்செலவில்லாத பேரறம். அவன் பெற்ற உதவியைப் பற்றி ஒருபோதும் அவன்முன் பேசாதிருத்தல் அதனினும் பேரறம்.

பேகன் ஆண்ட மலையில் இன்றும் மயில்கள் அகவுகின்றன. இன்றும் மழையும் பனியும் பெய்கின்றன. அம்மலையில் மயிலுக்குப் போர்வை அளித்தவன் ஓர் அரசன். அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் குளிரின்றி உறங்கி, பசியின்றிப் பயின்று, எவர்முன்னும் தலை தாழாமல் வளருமாறு செய்தல் நாம் அனைவரும் கூடிச் செய்யத்தக்க கொடையாகும்.